முத்திரையிட்ட தாள் தலாக் ஆகுமா?
கணவன், மனைவி, பெற்றோர் மூவரும் அறிய வேண்டியவை

ஒரு வியாழக்கிழமை மாலை. அஸர் தொழுகை முடிந்து, மைலாப்பூரில் நான் இமாமத் செய்யும் சிறு பள்ளியின் ஹவ்ளு ஓரத்தில் அமர்ந்திருந்தேன். பெரியவர் ஒருவர் ஸலாம் கூறி அருகில் வந்து உட்கார்ந்தார். தி. நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடையில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்ந்தவர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த இரண்டு தாள்களை எடுத்து என் கையில் கொடுத்தார்.

முதல் தாள், மருமகன் தபாலில் அனுப்பிய கடிதம். அதில் முத்தலாக்கும் ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது தாள், அந்தத் தலாக் செல்லும் என்று ஓரிடத்தில் வாங்கிய சான்று. வட்ட முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒன்று மட்டும் இல்லை. இதைப் பற்றி அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை.

“ஹஸ்ரத், முத்திரையெல்லாம் இருக்கு. எம் மக இத்தா இருக்கணுமா, இல்லே இன்னும் அவரு சம்சாரந்தானா? பேரனுக்கு நாலு வயசு. ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க. நீங்க ஒரு வழி சொல்லுங்க” என்றார்.

அந்தத் தாளைப் பார்த்தபோது என் கை நடுங்கியதற்குக் காரணம் உண்டு. மதரஸாவில் ஸனது வாங்கி வந்த புதிதில், இதே போன்ற ஒரு தாளில் நானும் சாட்சியாகக் கையெழுத்திட்டிருக்கிறேன். கணவன் வந்தார், சொன்னார், எழுதினார்கள், நானும் கையெழுத்திட்டேன். பெண்ணின் வீட்டார் யார், அவர்களுக்குச் செய்தி தெரியுமா, மஹர் கொடுத்தாயிற்றா என்று ஒன்றையும் நான் கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்து அந்தப் பெண் கைக்குழந்தையுடன் பள்ளி வாசலில் வந்து நின்று, “இதில் சாட்சி போட்டது யார்?” என்று கேட்டபோதுதான், நான் படித்த கிதாபுகள் எனக்கு நினைவுக்கு வந்தன. அன்று முதல், இரு தரப்பையும் கேளாமல் எந்தத் தாளிலும் நான் கையெழுத்திடுவதில்லை.

பெரியவரின் கேள்வி அவர் ஒருவரின் கேள்வியன்று. மைலாப்பூரிலும் அடையாற்றிலும் தி. நகரிலும் நம் சமுதாயத்தார் பலருடைய வீட்டில் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. ஆதலால், ஷரீஅத் என்ன சொல்கிறது, நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

சென்னையில் நடந்த வழக்கு

இந்தச் சான்றுத் தாள்களைப் பற்றி நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கு நடந்தது. வழக்குத் தொடுத்தவர் திருமதி பதர் சயீத். வழக்கறிஞர், திருவல்லிக்கேணித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும், தமிழ்நாடு வக்பு வாரியத் தலைவராகவும் இருந்தவர். காஜிகள் தலாக்கிற்குச் சான்று வழங்குவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதும், கணவன் சொன்னதை மட்டும் கேட்டு வழங்கும் சான்றினால் பெண்கள் பாதிக்கப்படுகிறார்கள் என்பதும் அவருடைய வாதம். 2017 ஜனவரியில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி எம். சுந்தர் ஆகியோர் அமர்ந்த அமர்வு, தலைமைக் காஜி வழங்கும் சான்று ஓர் அபிப்பிராயம் மட்டுமே, கோர்ட்டு நடவடிக்கைகளில் அதற்குச் சட்ட மதிப்பு இல்லை என்று உத்தரவிட்டது.

இதற்கு அடிப்படை புதிதாக வந்ததன்று. 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் மிகச் சிறியது. அதன் 4-ஆவது பிரிவு, காஜியாக நியமிக்கப்பட்டவருக்கு இந்தச் சட்டத்தின் மூலம் நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடைத்துவிடாது என்று அப்போதே கூறிவிட்டது. ஆங்கிலேயர் வருவதற்கு முன் காஜி என்பவர் தீர்ப்பளிக்கும் நீதிபதி. இந்தச் சட்டத்தின் கீழ் வருகின்ற காஜியோ நிக்காஹ் போன்ற காரியங்களில் உதவுகிறவர். பெயர் ஒன்று, அதிகாரம் வேறு. இந்த வேறுபாட்டை நாம் மறந்ததனால்தான் முத்திரையைத் தீர்ப்பென்று எண்ணிவிட்டோம்.

2014 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இதையே விளக்கிற்று. தாருல் கஸாக்கள், ஃபத்வாக்கள் ஆகியவற்றைத் தடை செய்ய வேண்டும் என்ற மனுவில், ஃபத்வா கேட்பதும் கொடுப்பதும் குற்றமல்ல, ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று கூறியது. 2023-இல் நம் உயர் நீதிமன்றம், ஒரு ஷரீஅத் கவுன்சில் ஒரு பெண்ணுக்கு வழங்கிய குலாச் சான்று செல்லாது என்றும், அப்பெண் குடும்ப நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே ஆண் வாங்கினாலும் பெண் வாங்கினாலும் தாளின் நிலை ஒன்றேதான்.

இதைக் கேட்டு, மார்க்கத்தில் கை வைக்கிறார்கள் என்று சிலர் மனம் வருந்துகிறார்கள். சகோதரர்களே, சற்று நிதானமாக யோசியுங்கள். ஒருவன் மனைவியின் வாய்மொழியைக் கேளாமல் எழுதிய தாளுக்கு ஷரீஅத்தில்தான் என்ன மதிப்பு இருக்கிறது? தலாக் என்பது கணவனின் சொல்லால் நிகழ்வது, முத்திரையால் நிகழ்வதன்று. மஹர், இத்தாக் காலச் செலவு, குழந்தை ஆகியவற்றைப் பற்றிய தகராறு தீர்ப்பதற்கு உரியது. தீர்ப்பென்றால் இரு தரப்பையும் கேட்டாக வேண்டும். ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதி வழங்க அனுப்பியபோது நபி (ஸல்) அவர்கள் செய்த உபதேசமே, இரண்டாமவரின் பேச்சையும் கேட்கும் வரை தீர்ப்புக் கூற வேண்டாம் என்பதுதானே!

தலாக்கின் முறை

திருமறையின் நிஸா அத்தியாயம் 35-ஆவது வசனத்தின் கருத்து, கணவன் மனைவியரிடையே பிளவு அஞ்சப்படுமானால் அவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் ஏற்படுத்துங்கள் என்பது. பிளவு வந்த பிறகு அல்ல, பிளவு வரும் என்ற அச்சம் தோன்றியதுமே செய்ய வேண்டிய காரியம் இது. நம் வீடுகளிலோ எல்லாம் முடிந்து, பீரோவும் கட்டிலும் திரும்பி வந்த பிறகுதான் பெரியவர்களைக் கூட்டுகிறோம்.

நடுவர் முயற்சியும் பயன்படாவிட்டால், மாதவிடாய் இல்லாத, கூடாத தூய நிலையில் ஒரே ஒரு தலாக் சொல்ல வேண்டும். இத்தா முடியும் வரை அவள் அவனுடைய வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றும், அவளை வெளியேற்றக் கூடாது என்றும் தலாக் அத்தியாயத்தின் முதல் வசனம் பணிக்கிறது. அந்த மூன்று மாத அளவிலான காலத்தில் அவன் மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம். இத்தா முடிந்துவிட்டாலும் இருவரும் விரும்பினால் புது மஹருடன் புது நிக்காஹ் செய்துகொள்ளலாம். எத்தனை கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறான் இறைவன்! ஒரே மூச்சில் மூன்று சொல்கிறவன் இத்தனை கதவுகளையும் தன் கையாலேயே அடைத்துக்கொள்கிறான். அவ்வாறு ஒருவர் சேர்த்துச் சொன்ன செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கோபத்துடன் எழுந்து நின்றார்கள் என்று நஸாயீயில் பதிவாகியிருக்கிறது.

சேர்த்துச் சொன்ன மூன்று, மூன்றாகவே விழும் என்பது நான்கு மத்ஹபுகளின் தீர்ப்பு. ஒன்றாகவே கணக்கிட வேண்டும் என்று கூறும் அறிஞர்களும் உண்டு. அந்த விவாதத்தை இங்கே விரிக்கவில்லை. ஆனால் நாட்டுச் சட்டத்தின் நிலையைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். 2002 அக்டோபரில் ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம், தலாக்கிற்கு நியாயமான காரணம் வேண்டும், அதற்கு முன் இரு தரப்பு நடுவர்களின் சமாதான முயற்சி நடந்திருக்க வேண்டும் என்றது. 2017 ஆகஸ்ட் 22 அன்று ஷாயரா பானு வழக்கில் முத்தலாக்கைச் செல்லாததாக்கியது. 2019-ஆம் ஆண்டின் சட்டம், வாயால் சொன்னாலும், எழுதினாலும், கைப்பேசியில் அனுப்பினாலும் உடனடி முத்தலாக் செல்லாது என்பதோடு, சொன்னவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றும் விதித்தது. புகார் கொடுக்கும் உரிமை அப்பெண்ணுக்கும் அவளுடைய உறவினருக்கும் உண்டு. அவள் விரும்பினால் மாஜிஸ்திரேட்டின் அனுமதியுடன் சமரசமும் செய்துகொள்ளலாம். அவளுக்கும் குழந்தைகளுக்கும் பிழைப்புத் தொகை கேட்கவும், குழந்தைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கோரவும் அதே சட்டம் வழி செய்கிறது.

இப்போது பெரியவருடைய மகளின் நிலையைப் பாருங்கள். நம் மத்ஹபின்படி, கணவன் நிய்யத்துடன் எழுதிய கடிதத்தால் அவள் பிரிந்தவள். சட்டத்தின்படி இன்றும் அவள் மனைவி. இந்தத் தாளை நம்பி, இத்தா முடிந்ததென்று வேறொரு ஊரில் யாராவது அவளுக்கு நிக்காஹ் செய்து வைத்தால், நாளை அந்த இரண்டாவது மணமே செல்லாது என்று வழக்கு வரலாம். குற்ற வழக்கும் வரலாம். இரண்டு பக்கமும் அடைபட்ட ஒரு சந்தில் அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டுக் கணவன் போய்விட்டான். அவனிடம் முத்திரைத் தாள் இருக்கிறது. அவளிடம் என்ன இருக்கிறது?

பெண்ணுக்குள்ள வழிகள்

முதல் வழி குலா. ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவியார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, கணவரின் குணத்திலோ மார்க்கத்திலோ குறை சொல்லவில்லை, ஆனால் அவருடன் வாழ இயலவில்லை என்றார்கள். அவர் மஹராகக் கொடுத்த தோட்டத்தைத் திருப்பித் தருவாயா என்று கேட்டு, அவர்கள் சம்மதித்ததும், அதைப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடும்படி ஸாபித் அவர்களுக்கு நாயகம் (ஸல்) பணித்தார்கள். ஒரு பெண்ணின் மனக்கசப்பையும் காதுகொடுத்துக் கேட்ட சபை அது.

இரண்டாவது வழி முபாரஆத். இருவரும் ஒப்பி, ஒருவர் மற்றவரிடமிருந்து விடுபடுவது.

மூன்றாவது வழி ஃபஸ்கு, அதாவது நீதிபதி மணத்தை ரத்துச் செய்வது. ஹனஃபீ மத்ஹபில் இதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. கணவன் காணாமற் போனாலும், செலவுக்குக் கொடாமல் தவிக்கவிட்டாலும் நம் நாட்டுப் பெண்கள் வழியின்றித் தவித்தார்கள். வேறு வழி காணாமல் மதத்தைவிட்டு வெளியேறிய பெண்களும் உண்டு. அந்தக் கொடுமையைக் கண்டு மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்கள், தேவை ஏற்படும்போது மாலிகீ மத்ஹபின் தீர்ப்பை ஏற்கலாம் என்று விரிவாக எழுதினார்கள். அதன் தொடர்ச்சியாகவே, முஹம்மது அஹ்மது காஜ்மி கொண்டுவந்த மசோதா 1939-இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் ஆயிற்று. ஆகவே கோர்ட்டுக்குப் போகும் பெண் மார்க்கத்தைவிட்டு வெளியே போகவில்லை. ஆலிம்கள் வருந்திக் கேட்ட சட்டத்தின் வாசலுக்குத்தான் போகிறாள்.

அச்சட்டப்படி, கணவன் நான்கு ஆண்டுகள் இருக்குமிடம் தெரியாமல் போனால், இரண்டு ஆண்டுகள் செலவுக்குக் கொடாவிட்டால், ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றால், தக்க காரணமின்றி மூன்று ஆண்டுகள் இல்லற உரிமையை நிறைவேற்றாவிட்டால், கொடுமை செய்தால், பெண் மணமுறிவு கோரலாம். கொடுமை என்பது அடி உதை மட்டுமல்ல. அவளுடைய சொத்தை விற்பதும், தொழுகை நோன்புக்குத் தடை செய்வதும், பல மனைவியர் இருந்தால் சமமாக நடத்தாமையும் கொடுமையே என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. மணமுறிவு கேட்டதால் மஹர் உரிமை போய்விடாது.

சென்னையில் இந்த வழக்குகளை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள குடும்ப நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. வக்கீல் வைக்க வசதியில்லையே என்று அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு.

மஹரும் ஜீவனாம்சமும்

மஹர் கடன். கொடாமல் கணவன் இறந்தால், வாரிசுகள் பங்கு போடுமுன் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். நம்மவர் பலர், நிக்காஹ் தஃப்தரில் மஹர் நூற்றொரு ரூபாய் என்று எழுதிவிட்டு, கைக்கூலியாக இலட்சங்களை எழுதாமலே வாங்குகிறார்கள். எழுதியது எடுபடும், எழுதாதது எடுபடாது. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் கைக்கூலியைக் குற்றமாக்கியிருக்கிறது. அதே சட்டம், மஹர் வரதட்சணை ஆகாது என்றும் விலக்கியிருக்கிறது. கொடுக்க வேண்டியவன் வாங்குகிறான் என்பதைச் சட்டமே சுட்டிக்காட்டும் நிலைக்கு வந்துவிட்டோம்.

தலாக்குக்குப் பின் இத்தா முடியும் வரை உணவும் உறைவிடமும் கணவன் பொறுப்பு. அதற்கு மேல், தலாக் சொல்லப்பட்ட பெண்களுக்கு முறைப்படி ‘முத்ஆ’ கொடுப்பது இறையச்சமுடையோர் மீது கடமை என்பது பகரா அத்தியாயம் 241-ஆவது வசனத்தின் கருத்து. ஷாஃபியீ மத்ஹபில், கூடி வாழ்ந்து தலாக் பெற்ற பெண்ணுக்கு முத்ஆ கட்டாயம். ஹனஃபீ மத்ஹபில், மஹர் பேசப்படாமல் கூடுமுன் தலாக் பெற்றவளுக்குக் கட்டாயம், மற்றவர்களுக்கு விரும்பத்தக்கது. கட்டாயமானாலும் விருப்பமானாலும், அதைக் கொடுத்த கணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்தூரைச் சேர்ந்த ஷா பானு அம்மையார் 1932-இல் மணமாகி, 1978-இல் தலாக் பெற்றவர். மாஜிஸ்திரேட் அவருக்கு முதலில் விதித்த ஜீவனாம்சம் மாதம் 25 ரூபாய். 1985 ஏப்ரல் 23-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும் நாடெங்கும் கிளர்ச்சி எழுந்ததும், 1986-இல் தனிச்சட்டம் வந்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2001 செப்டம்பரில் டானியல் லத்தீஃபி வழக்கில், அந்தச் சட்டப்படியே, இத்தாக் காலத்துக்கு மட்டுமன்றிப் பிற்கால வாழ்வுக்கும் போதுமான ஏற்பாட்டைக் கணவன் இத்தாவுக்குள் செய்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2024 ஜூலை 10-இல், தலாக் பெற்ற முஸ்லிம் பெண் பொதுவான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவின்படியும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று தீர்ப்பாயிற்று. அப்பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆவது பிரிவாக இருக்கிறது.

இத்தாவுக்குப் பின் ஜீவனாம்சம் கணவன் மீது இல்லை, அவளுடைய தந்தை, சகோதரர் முதலியோர் மீதே என்பது ஃபிக்ஹு நூல்களின் பொதுவான தீர்ப்பு. அதை நானும் படித்திருக்கிறேன், போதித்தும் இருக்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பைக் கூட்டங்களில் முழங்குகிற நாம், தங்கையின் செலவை ஏற்காத ஓர் அண்ணனையாவது ஜமாஅத்தில் நிறுத்திக் கேட்டதுண்டா? ஷரீஅத்தின் ஒரு பாதியைக் கணவனுக்கு அரணாக்கி, மறு பாதியைச் சகோதரனுக்குச் சொல்லாமல் விட்டால், அந்தப் பெண் கோர்ட்டுப் படியேறுவதில் என்ன ஆச்சரியம்!

குழந்தை யாரிடம்?

வளர்ப்பு உரிமையை ஹிலானத் என்பர். ஹனஃபீ மத்ஹபில் ஆண் குழந்தை ஏழு வயது வரையும், பெண் குழந்தை பருவமடையும் வரையும் தாயிடம் வளரும். ஷாஃபியீ மத்ஹபில் விவரம் தெரியும் வயது வரை தாயிடம் இருந்து, பின்னர் குழந்தையே தேர்ந்துகொள்ளும். எவரிடம் வளர்ந்தாலும் செலவு தந்தை மீது. கோர்ட்டில் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி குழந்தையின் நலனே முதன்மை. மத்ஹபுகள் தாயை முன்வைத்ததற்கும் அந்த நலனே காரணம் அல்லவா? தலாக் சொன்னதால் தந்தையின் கடமை தீராது என்பதையும், பிள்ளைகள் வயதுக்கு வரும் வரையும், பெண் பிள்ளைக்கு மணமாகும் வரையும் செலவு கேட்கலாம் என்பதையும் 1997-இல் உச்ச நீதிமன்றம் நூர் சபா காத்தூன் வழக்கில் உறுதி செய்தது.

பெற்றோர் விஷயம்

இரண்டு நாட்கள் கழித்து, பெரியவரையும் அழைத்துக்கொண்டு அடையாற்றிலிருந்த மருமகனின் தாயாரைப் பார்க்கச் சென்றேன். பிளவு எங்கே தொடங்கியது என்பது அங்கேதான் தெரிந்தது. ஒரே ஒரு அறையும் கூடமும் உள்ள வாடகை வீடு. மாமியாருக்கு முழங்கால் வலி. பணிவிடை செய்வது மருமகளின் ஃபர்லு என்று மகன் சொல்லியிருக்கிறான். அவள் மறுத்த நாளிலிருந்து சச்சரவு.

சகோதரர்களே, நன்றாகக் கேளுங்கள். பெற்றோரைப் பேணுவது பிள்ளையின் கடமை. மருமகள் மாமியாருக்குச் செய்யும் பணிவிடை நன்மையான காரியம், அவளுடைய நற்குணம். அல்லாஹ்விடம் அதற்குக் கூலி உண்டு. ஆனால் அதைச் சட்டக் கடமையாக அவள் மீது சுமத்த ஃபிக்ஹு இடம் தரவில்லை. மாறாக, மனைவிக்குப் பிறர் நுழையாத, தாழிட்டுக்கொள்ளக் கூடிய தனி அறையேனும் தர வேண்டும் என்று ஹனஃபீ நூல்கள் கூறுகின்றன. வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வரும் மகன், தன் சுவனத்தை மனைவியின் கையால் சம்பாதிக்கப் பார்ப்பது முறையன்று.

அந்தத் தாயார் என்னைத் தனியே அழைத்து மெதுவாகச் சொன்னார்: “தம்பி, அவரு மௌத்தாகறதுக்கு முன்னே வீட்டை மகன் பேருக்கே எழுதி வச்சிட்டாரு. அதை வித்துட்டுத்தான் இந்த வாடகை வீடு. நானும் எங்கேயும் போக முடியாம இருக்கேன்.” மருமகளை வெளியேற்றிய அதே வீட்டில் மாமியாரும் இடமின்றி இருந்தார்.

ஆகவே பெற்றோர்களும் சில விஷயங்களை அறிந்திருக்க வேண்டும். ஹிபா என்பது தருவதாகச் சொல்லுதல், ஏற்றுக்கொள்ளுதல், கைவசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தது. பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கொடுத்த நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் தந்தைக்கு நபி (ஸல்) அவர்கள் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். பிள்ளைக்குக் கொடுத்த ஹிபாவைத் தந்தை திரும்பப் பெறலாம் என்பது ஷாஃபியீ மத்ஹபு. ஹனஃபீ மத்ஹபில் கொடுத்துக் கைமாறிய பின் பெற முடியாது. எனவே பாசத்தில் அவசரப்பட்டு எழுதாதீர்கள்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொதுவானது. பிள்ளைகள் கைவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்கலாம். அதன் 23-ஆவது பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் மூத்த குடிமகன் எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால் ரத்துச் செய்யலாம். நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில், முதியோருக்கு நன்மையாகும் விதத்தில் இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும் கூறியது. எப்படியாயினும், எழுதுகிறவர்கள் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பெற்ற மகனிடம் நிபந்தனையா என்று வெட்கப்பட வேண்டாம். கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள் என்று இறைவன் பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனத்தில் நீண்ட போதனை செய்ததும் வெட்கத்தைத் தவிர்க்கத்தானே.

முடிவில் நடந்தது

பெரியவர் குடும்பத்திலிருந்து அவருடைய மைத்துனரும், மருமகன் குடும்பத்திலிருந்து அவருடைய சிறிய தந்தையும் அமர்ந்தார்கள். போலீஸ் புகார் வேண்டாம் என்பது அந்தப் பெண்ணின் விருப்பம். சேர்ந்து வாழ்வது இனி இல்லை என்பதும் தெளிவாக இருந்தது. நான்கு முறை கூடிய பிறகு, இருவரும் ஒப்பி முபாரஆத் உடன்படிக்கை எழுதினார்கள். மார்க்கப்படி அது முன்பு சொன்னதையே மறுபடி சொல்வதாக இருக்கலாம். சட்டப்படி அதுவே முதற்சொல். மஹர், இத்தாச் செலவு, முத்ஆ மூன்றும் தொகை குறித்து எழுதப்பட்டன. பையன் தாயிடம் வளர்வான். மாதச் செலவு தந்தை தருவார். வெள்ளிக்கிழமைதோறும் மகனைப் பார்க்கலாம். அதை வக்கீல் மூலம் குடும்ப நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, மணம் முடிவுற்றதென்று உத்தரவும் பெற்றார்கள். மாமியாரைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டவர் மகன் அல்லர், மகள்.

இது மகிழ்ச்சியான முடிவன்று. ஒரு குடும்பம் பிரிந்தது. ஆனால் முறையாகப் பிரிந்தது. அந்தப் பெண் இப்போது எவருக்கும் அஞ்சாமல் தன் நிலையைச் சொல்லலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் என் போன்ற இமாம்களுக்கும் சில வேண்டுகோள்கள். இரு தரப்பையும் கேளாமல் எந்தத் தாளிலும் முத்திரை இடாதீர்கள், சாட்சி போடாதீர்கள். இரண்டாம் நிக்காஹ் பதியும் முன், முதல் மணம் முடிவுற்றதற்கான கோர்ட்டு உத்தரவைக் கேளுங்கள். நிக்காஹ் தஃப்தரில் மஹரை உள்ளபடி எழுதுங்கள். நம் தஃப்தரில் பதிந்ததோடு நில்லாமல், 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியச் சொல்லுங்கள். ஜீவனாம்ச வழக்கிலும், பாஸ்போர்ட்டிலும், வாரிசுரிமையிலும் பெண்ணைக் காப்பது அந்தப் பதிவுதான். பிளவு அஞ்சப்படும் வீடு உங்கள் மஹல்லாவில் இருந்தால், அழைக்கும் வரை காத்திராமல் இரு நடுவர்களை அனுப்புங்கள்.

பெரியவர் அந்த இரண்டு தாள்களையும் கடைசி நாளன்று என்னிடமே விட்டுச் சென்றார். கிதாபுகளுக்கு இடையே வைத்திருக்கிறேன். யாராவது ஒரு கையெழுத்துக் கேட்டு வரும்போது, முதலில் அதை எடுத்து ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.

எழுதும் கையிலும், தீர்ப்புச் சொல்லும் நாவிலும் நீதி தவறாமல் நம் அனைவரையும் அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன்.